ரவி வர்மாவின் ஓவியங்களை ஆய்வு நோக்கில் படிக்கத் தொடங்குவோருக்கு

ராஜா ரவி வர்மாவின் படம் ஒன்றையேனும் பார்க்காமல் வளர்ந்த தமிழர் அநேகமாக இருக்க மாட்டார். தாமரைமேல் நிற்கும் லட்சுமியையும், நீர்க்கரைப் பாறைமேல் அமர்ந்து வீணை வாசிக்கும் சரசுவதியையும் பூசையறையில் சிறுவயதிலிருந்தே பார்த்துவருகிறோம். இந்தப் பழக்கமே அவருடைய கலையை ஆராயப் புகுவோருக்கு முதல் தடையாகவும் அமைகிறது. நாம் பார்த்தது அவர் கையால் தீட்டிய ஓவியமா, அவர் காலத்துக் கல்லச்சுப் படமா, அல்லது பின்னாளில் யாரோ எடுத்த நகலின் நகலா என்று கேட்காமலேயே ‘ரவி வர்மா பாணி’ என்று எழுதத் தொடங்கிவிடுகிறோம். சரசுவதியின் முகத்தில் நிழல் இல்லை, கோடு தடித்திருக்கிறது என்று நான் முதன்முதலில் எழுதிய கட்டுரையில் ஒரு பக்கம் நிரப்பியிருந்தேன். எங்கள் வீட்டுச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்து எழுதியது அது. அந்தப் படம் அண்மைக்கால மறு அச்சு என்பது பிறகுதான் தெரிந்தது. ஓவியக் கல்லூரியில் பயிலாமல், ஆர்வத்தாலோ முதுகலைப் பட்ட ஆய்வுக்காகவோ இத்துறைக்குள் வருகிறவர்கள் அந்தப் பிழையிலிருந்து தப்ப வேண்டும் என்பதற்காகவே இவ்வழிகாட்டியை எழுதுகிறேன்.

ஒற்றைக் கேள்வியோடு தொடங்குங்கள்

“ரவி வர்மாவின் கலை – ஓர் ஆய்வு” என்னும் தலைப்பு எதையும் ஆராயாது. கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய சிறிய கேள்வி ஒன்று வேண்டும். எடுத்துக்காட்டாக, இக்கட்டுரை முழுவதும் ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்வோம்: தஞ்சாவூர் ஓவியத்தில் புடைத்து மின்னிய பொன் நகை, ரவி வர்மாவின் தைல வண்ண ஓவியத்தில் என்ன ஆயிற்று?

இது வலிந்து கொண்டுவந்த கேள்வி அன்று. 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29 அன்று திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்த ரவி வர்மாவுக்கு முதலில் ஓவியம் கற்பித்தவர் அவருடைய தாய்மாமன் ராஜராஜ வர்மா. அவர் தஞ்சாவூர் முறையில் வரைந்தவர். சுவாதித் திருநாள் அரசவையில் இருந்த மதுரை அழகிரி நாயுடுவிடம் பயின்றவர். ஆகவே தைல வண்ணத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே பொன்னும் மணியும் பதித்த ஓவிய மரபு ரவி வர்மாவின் வீட்டிலேயே இருந்தது. கேள்வி சிறியதாக இருக்கும்போது, எந்தப் படத்தைப் பார்க்க வேண்டும், எந்த ஆவணத்தைத் தேட வேண்டும் என்பதை அக்கேள்வியே சொல்லிவிடும்.

கால வரிசைத் தாள் ஒன்றைத் தயாரியுங்கள்

ஒரு நீண்ட தாளில் இரண்டு பத்திகளைப் போட்டு, இடப்பக்கம் வாழ்க்கை நிகழ்வுகளையும் வலப்பக்கம் ஓவியங்களையும் எழுதுங்கள். பதினான்காம் வயதில் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் திருவனந்தபுரம் சென்றது. 1868இல் தியடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய உருவப்பட ஓவியர் அரண்மனைக்கு வந்து, தாம் தைல வண்ணத்தில் தீட்டுவதைப் பார்க்க அவரை அனுமதித்தது. 1873இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மலர் சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது, அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் அவருக்குப் பரிசு கிடைத்தது. 1876இல் சென்னையில் வைக்கப்பட்ட, சகுந்தலை மடல் எழுதும் ஓவியத்தை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு வாங்கியது. 1881இல் பரோடாவுக்கு (இன்றைய வடோதரா) சென்றது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பத்து ஓவியங்களை அனுப்பியது. 1894இல் பம்பாயில் கல்லச்சகம் தொடங்கியது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று கிளிமானூரில் மறைந்தது. இவை தாளின் முதுகெலும்பு.

இந்தத் தாளின் பயன் உடனே தெரியவரும். காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல் நின்று திரும்பிப் பார்க்கும் சகுந்தலையின் ஓவியத்துக்கு இணையத்தில் ஓரிடத்தில் 1870 என்றும் மற்றோரிடத்தில் 1898 என்றும் ஆண்டு போட்டிருப்பார்கள். 1870இல் ரவி வர்மாவுக்கு இருபத்திரண்டு வயது. ஜென்சனைப் பார்த்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. உருவங்களைக் காட்டுப் பின்னணியோடு இவ்வளவு இயல்பாகப் பொருத்தும் கைத்திறனை அந்த வயதில் ஏற்றிச் சொல்ல வேண்டுமானால், அக்காலத்தைய வேறு படங்களைக் காட்டி நிறுவ வேண்டியிருக்கும். எனக்கு அது பிற்காலக் கைவண்ணமாகவே படுகிறது. ஆண்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தெழுதுகிறவர் இந்தச் சிக்கலைக் காணவே மாட்டார்.

வாழ்க்கை நிகழ்வுகளை எழுதும்போது ஆவணச் செய்தியையும் வழிவழியாகச் சொல்லப்படும் கதையையும் இரு நிற மையில் எழுதுங்கள். அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு தைல வண்ண நுட்பத்தைச் சொல்லித்தர மறுத்தார் என்பதும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரவில் இரகசியமாக வந்து கற்பித்தார் என்பதும் வாழ்க்கை வரலாறுகளில் திரும்பத் திரும்ப வரும் கதைகள். கதை என்பதற்காக அவற்றைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் சான்று தேவைப்படும் இடத்தில் அவற்றை நிறுத்தக் கூடாது.

ஓவியத்தையும் அச்சையும் பிரித்தறியுங்கள்

இதுவே முழு ஆய்வின் அடித்தளம் என்பதால் இங்கே சற்று நேரம் செலவிடுவோம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கை உருப்பெருக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் பொருத்திப் பார்க்கும் வகையே போதும்.

தைல வண்ண ஓவியத்தைப் பக்கவாட்டில் நின்று சாய்ந்த ஒளியில் பார்த்தால், தூரிகை சென்ற திசையும், வண்ணம் தடித்துக் கிடக்கும் இடமும், கித்தானின் நெசவு மேலெழும் இடமும் தெரியும். ரவி வர்மாவின் பெண் உருவங்களில் கழுத்து மாலையை அப்படிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை. அதன்மேல் மங்கிய மஞ்சளில் சிறு வளைவுகள். ஒவ்வொரு மணியின் மேல்விளிம்பிலும் வெண்மை கலந்த இளமஞ்சளில் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி மட்டும் சற்றுத் தடித்து நிற்கும். நான்கடி தள்ளி நின்றால் அது பொன்னாகிவிடும். அரையடியில் வெறும் மஞ்சள் மண்தான். தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணப் பசையால் புடைப்பு எழுப்பி, அதன்மேல் மெல்லிய பொன் தகட்டை ஒட்டி, கல் பதித்திருப்பார்கள். அங்கே பொன் உண்மையிலேயே பொன். இங்கே பொன் என்பது ஒளி விழும் விதம் மட்டுமே. நம் கேள்வியின் முதல் விடை இதுதான்.

கல்லச்சுப் படத்தில் இந்தத் தடிப்பு இராது. சுண்ணாம்புக் கல் பலகையில் நிறத்துக்கு ஒரு கல் என்ற கணக்கில் படத்தைப் பிரித்து வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் அச்சிடுவது அந்த முறை. உருப்பெருக்கியில் பார்த்தால் கன்னத்து நிழல் முழுவதும் கையால் இட்ட சிறு புள்ளிகளாகப் பிரியும். அவை ஒரே அளவிலும் ஒரே வரிசையிலும் இருப்பதில்லை. மாறாக, இன்றைய ஆஃப்செட் மறு அச்சில் புள்ளிகள் எந்திரம் இட்டவை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கும் சீரான வலைபோல், சின்னஞ்சிறு பூ வடிவங்களாகத் தெரியும். இந்த வேறுபாட்டை ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு மறக்காது. பழைய படங்களில் சிலவற்றின்மேல் வார்னிஷ் பூசி, கித்தானைப்போல் தோன்ற நெசவுத் தடம் அழுத்தியிருப்பார்கள் என்பதால், மேற்பரப்பின் சொரசொரப்பை மட்டும் நம்பி ஏமாந்துவிட வேண்டாம், புள்ளியைப் பாருங்கள்.

அச்சுப் படத்தின் கீழ் ஓரத்தை யாரும் வெட்டியிராவிட்டால் அது பெரிய ஆவணம். அச்சகம் முதலில் பம்பாயில் இருந்தது. பிறகு லோணாவலாவுக்கு அருகிலுள்ள மாலவ்லிக்கு மாறியது. பின்னர் அங்கே பணிபுரிந்த ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைகர் அதை விலைக்கு வாங்கினார். ஆகவே ஓரத்தில் அச்சாகியுள்ள ஊர்ப்பெயரே படத்தின் காலத்தை ஓரளவு சொல்லிவிடும். அச்சகம் கைமாறிய பிறகு வேறு ஓவியர்களின் படங்களும் அங்கிருந்து வெளிவந்தன. ‘ரவி வர்மா அச்சகம்’ என்ற பெயர் தாளில் இருப்பதாலேயே அது ரவி வர்மாவின் ஓவியம் என்று எழுதுவது, புதியவர்கள் அதிகமாகச் செய்யும் பிழை.

நம் கேள்வி இங்கே எதிர்பாராத திருப்பத்தை அடைகிறது. தாளில் தட்டையாகிப் போன நகையின்மேலும் புடவைக் கரையின்மேலும் வீட்டுப் பெண்கள் சரிகையும் மணியும் வைத்துத் தைத்து, துணி ஒட்டிச் சட்டம் போட்டார்கள். அப்படி அலங்கரித்த படங்கள் தனியார் தொகுப்புகளில் இன்றும் உள்ளன. ஓவியர் ஒளியாக மாற்றிய பொன்னைப் பக்தர்கள் மீண்டும் பொருளாகவே படத்தில் ஏற்றினார்கள். ஓவியத்தை மட்டும் படிப்பவருக்கும் அச்சை மட்டும் படிப்பவருக்கும் இது புலப்படாது.

மூல ஓவியத்தின்முன் ஒரு மணி நேரம் நில்லுங்கள்

திருவனந்தபுரத்தில் 1935இல் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தின் தொகுப்பும், அதே அருங்காட்சியக வளாகத்தில் ரவி வர்மாவுக்கென்று அமைந்த கலைக்கூடமும் நமக்கு அருகில் உள்ளவை. மைசூரு ஜகன்மோகன் அரண்மனையிலும், வடோதராவின் மகாராஜா ஃபதே சிங் அருங்காட்சியகத்திலும் முதன்மையான ஓவியங்கள் உள்ளன. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் அவருடைய ஓவியங்கள் சில உண்டு. புறப்படுமுன், நீங்கள் தேடும் ஓவியம் அப்போது காட்சியில் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். படமெடுக்க அனுமதி உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எடுக்க முடியாதென்றால் வருந்த வேண்டியதில்லை. கைபேசி பையில் இருக்கும்போது கண் நன்றாக வேலை செய்கிறது.

ஒரு நாளில் இரண்டு ஓவியங்களுக்கு மேல் பார்க்காதீர்கள். முதல் இருபது நிமிடம் ஓவியத்தின் பெயர்ப் பலகையைப் படிக்காமல், காண்பதை மட்டும் எழுதுங்கள்: எத்தனை உருவங்கள், ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எவர் எவரைப் பார்க்கிறார், கை என்ன செய்கிறது. மைசூருவிலுள்ள இசைக்கலைஞர் கூட்டத்தின் ஓவியத்தில் பதினொரு பெண்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் இந்தியாவின் ஒவ்வொரு சமூகத்து உடையில் இருக்கிறார்கள். அவர்களுள் யார் இசைக்கிறார், யார் கேட்கிறார், யார் நம்மைப் பார்க்கிறார் என்று பட்டியலிட்டாலே போதும். ‘இந்தியா’ என்பதை ஒரே கித்தானில் அமர்த்த ஓவியர் என்ன விலை கொடுத்தார் என்ற கேள்வி தானாக எழும். அவர்கள் ஒரே அறையில் இருந்தாலும், பெரும்பாலும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்றே எனக்குத் தோன்றியது.

கதையை மூலநூலோடு ஒப்பிடுங்கள்

புராண ஓவியங்களுக்கு மூலநூலைக் கையில் வைத்துக்கொண்டு படம் பார்ப்பது இன்றியமையாதது. காளிதாசனின் நாடகத்தில் சகுந்தலையின் பாதத்தில் குத்துவது தருப்பைப் புல்லின் இளநுனி. அவள் உடுத்தியிருப்பது மரவுரி. கிளையில் சிக்குவதும் அந்த மரவுரிதான். ரவி வர்மாவின் ஓவியத்தில் அவள் புடவை உடுத்தியிருக்கிறாள். நாடகத்தில் இருக்கும் துஷ்யந்தன் ஓவியச் சட்டத்துக்குள் இல்லை. அவளுடைய பார்வை சட்டத்துக்கு வெளியே போகிறது. ஓவியர் எதை விட்டார், எதை மாற்றினார், எதைச் சேர்த்தார் என்ற இந்த மூன்று வினாக்களை ஒவ்வொரு படத்துக்கும் எழுதுங்கள். மரவுரி புடவையானது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. பல சமஸ்தானங்களிலும் பல மொழிகளிலும் உள்ளோர் ‘இவள் நம் கதைப் பெண்’ என்று ஏற்க வேண்டிய உருவத்துக்கு உடை தேடுவது அவருக்குப் பெரிய சிக்கலாகவே இருந்தது. பல படங்களில் மராட்டியக் கட்டுப் புடவையை அவர் தேர்ந்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமயந்தியும் அன்னமும் உள்ள 1899ஆம் ஆண்டு ஓவியத்தைப் பார்த்ததும் புகழேந்தியின் நளவெண்பா நாவில் வந்து நிற்கும். அதை மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்ளலாம். ஆனால் சான்றாக எழுத வேண்டாம். ரவி வர்மா வளர்ந்தது வடமொழிக் காவியங்களுக்கும் கதகளி மேடைக்கும் நடுவில். உண்ணாயி வாரியரின் நளசரிதம் அவருடைய நாட்டில் ஆடப்பட்ட கதை. ஒப்பீட்டை அங்கிருந்து தொடங்குவதே முறை.

யார் கேட்டார், யார் கை தீட்டியது

புரவலர் யார் என்பதைக் குறிக்காமல் எந்த ஓவியத்தைப் பற்றியும் எழுதாதீர்கள். பரோடா கெய்க்வாட் மன்னர் 1888இல் பதினான்கு புராண ஓவியங்களைக் கேட்டார். மைசூரு அரண்மனைக்காகப் பிற்காலத்தில் ஒன்பது ஓவியங்கள் உருவாயின. இந்தத் தொடர்புகளுக்கு நடுவில் கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவ ராவ் நிற்கிறார். திருவிதாங்கூர் திவானாக இருந்து பின்னர் பரோடா திவானானவர் அவர். ரவி வர்மா பரோடாவுக்குச் சென்றதும் அவர் வழியாகவே. தேர்ந்தெடுத்த ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டுப் பரப்பலாம் என்று ரவி வர்மாவுக்கு எழுதியவரும் அவரே. அரண்மனைக்கான ஓவியமும் எளியோர் வீட்டுக்கான அச்சும் ஒரே வட்டத்துக்குள் முளைத்தவை என்பதை இது காட்டுகிறது.

அடுத்தது, கையொப்பம். கித்தானில் ரவி வர்மாவின் பெயர் இருந்தாலும், தம்பி சி. ராஜராஜ வர்மா பல ஓவியங்களில் உடன் உழைத்தவர். நிலக்காட்சியில் தனித்திறன் பெற்றவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பு 1895 முதல் 1904 வரையிலான காலத்தைப் பற்றியது. இப்போது பதிப்பாகக் கிடைக்கிறது. சகோதரர்கள் எங்கே பயணம் செய்தார்கள், யாரைச் சந்தித்தார்கள், எந்தப் படத்தில் எந்நாளில் வேலை நடந்தது என்பதை அறிய இதைவிட நெருக்கமான சான்று இல்லை. புதியவர்கள் வாழ்க்கை வரலாறுகளுக்குப் போகுமுன் இதைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பின்னணியிலுள்ள ஏரியையும் மலையையும் பார்க்கும்போது அண்ணனுடைய பெயரை மட்டும் எழுதும் பழக்கம், தம்பிக்குச் செய்யும் அநீதி.

விமரிசனங்களை ஆண்டு வரிசையில் படியுங்கள்

ரவி வர்மாவைப் போற்றியவர்களும் தூற்றியவர்களும் தத்தம் காலத்தின் கேள்விகளுக்கு விடை சொன்னவர்கள். வங்கத்தில் சுதேசி இயக்கம் எழுந்த ஆண்டுகளில், இந்தியக் கலை ஐரோப்பியத் தைல வண்ணத்திலிருந்து விடுபட வேண்டும் என்ற குரல் ஓங்கியது. ஈ. பி. ஹேவல், சகோதரி நிவேதிதா, ஆனந்த குமாரசுவாமி ஆகியோரின் கடுமையான கருத்துகள் அந்தச் சூழலில் வந்தவை. ஹேவல் கல்கத்தாவுக்குப் போகுமுன் சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்தவர். குமாரசுவாமி இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகன். நாடகத்தன்மை மிகுந்தது, தெய்வங்களை வெறும் மனிதராக்கியது என்னும் அவர்களுடைய குற்றச்சாட்டைப் படித்துவிட்டு, அதே ஓவியத்தின்முன் மறுபடியும் நின்று பாருங்கள். சிலவற்றில் அது பொருந்தும் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவர்களுடைய தீர்ப்புகள் அச்சுப் படங்களின் பெருக்கத்தையும் சேர்த்தே எடைபோட்டவை என்பதை மறவாதீர்கள்.

பிற்பாடு மதிப்பீடு மாறியது. 1979இல் இந்திய அரசு அவருடைய படைப்புகளைக் கலைச் செல்வங்களாக அறிவித்து, நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதைத் தடுத்தது. 1993இல் புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் நடந்த பெருங்காட்சி, ஆய்வாளர்களை மீண்டும் கித்தானுக்கு அருகில் அழைத்துவந்தது. அதன் பிறகு வந்த எழுத்துகளில் வெள்ளைத் தோல், மேல்சாதிப் பெண்ணுடல், தேசத்தின் உருவம் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் முன்னுக்கு வந்தன. அவை நியாயமான கேள்விகள். அவற்றையும் நகைக்கேள்வி போலவே ஒரு குறிப்பிட்ட ஓவியத்தில் விரல் வைத்துக் காட்டி எழுத வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்தே ஆய்வைத் தொடர விரும்புவோருக்குக் கோவில்பட்டியின் நாட்காட்டி ஓவியர் சி. கொண்டையா ராஜுவும் சிவகாசி நாட்காட்டிகளும் திறந்த களம். அங்கே பொன் மீண்டும் தட்டையான மஞ்சளாகி, பிறகு பளபளக்கும் மையாகிறது.

எழுதும்போது

ஒவ்வொரு படத்துக்கும் அடியில் எழுத வேண்டியவற்றின் வரிசை இது: ஓவியரின் பெயர், படத்தின் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு, இருக்குமிடம், நீங்கள் பார்த்த நாள். கடைசியில் உள்ளதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வார்னிஷ் மஞ்சளிப்பதும், சீரமைப்புப் பணியில் நிறம் மாறுவதும் நடக்கும் என்பதால் அது தேவை. நேரில் பார்க்காமல் அச்சிலோ திரையிலோ பார்த்து எழுதினால் அதையும் ஒளிக்காமல் குறியுங்கள். வருணனையை முதலிலும் விளக்கத்தை அடுத்தும் வையுங்கள். “மணியின் மேல்விளிம்பில் இளமஞ்சள் புள்ளி ஒன்று தடித்து நிற்கிறது” என்பது வருணனை. “தஞ்சாவூர்ப் பொன்னுக்கு ஈடாக ஓவியர் ஒளியை வைத்தார்” என்பது விளக்கம். முதல் வாக்கியம் கலைக்கூடத்தில் நின்றபடி பென்சிலால் எழுதியதாக இருக்கட்டும். இரண்டாவதை வீட்டுக்கு வந்து, கால வரிசைத் தாளை விரித்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.